பொன்முடிச் சாலையில் ஒரு பிரெஞ்சு டீசல்

கேரளத்தில் வித்துராவைத் தாண்டிக் கல்லாறு வந்ததும் பொன்முடிக்கான ஏற்றம் தொடங்கிவிடும். 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி முடித்தால் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர். இந்த மலையடிவாரத்தில் ரப்பர் ஷீட்டும் தேயிலை மூட்டையும் ஆட்களும் ஏற்றிச் சலித்த பழைய மஹிந்திரா ஜீப்புகளில் சிலவற்றின் பானட்டைத் தூக்கிப் பாருங்கள். உடம்பு அமெரிக்க வில்லீஸ் வழி வந்தது, இதயம் பிரெஞ்சுக்காரன்.

1979-இல் மஹிந்திரா நிறுவனம் பிரான்சின் பியூஜோவிடம் உரிமம் வாங்கி எக்ஸ்.டி.பி. 4.90 என்ற டீசல் இன்ஜினை இந்தியாவில் தயாரிக்க ஏற்பாடு செய்தது. நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றின் உள்விட்டம் 90 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 83 மில்லிமீட்டர், மொத்தக் கொள்ளளவு 2112 சி.சி. பின்னால் 94 மில்லிமீட்டர் உள்விட்டத்தோடு 2498 சி.சி. அண்ணன் ஒருவனும் வந்தான். டிரைவர்கள் இரண்டையுமே ‘பியூஜோ இன்ஜின்’ என்பார்கள். டிராக்டர் வழி வந்த ‘டி.ஐ.’ இன்ஜினோடு ஒப்பிட்டு எது உயர்ந்தது என்று டீக்கடையில் வழக்காடுவார்கள். டி.ஐ. அணி மைலேஜைச் சொல்லும், பியூஜோ அணி சத்தம் குறைவு என்று சொல்லும். இரண்டும் உண்மை. காரணம் ஒன்றுதான், பிறகு அதற்கு வருகிறேன்.

இந்த வம்சம் சாதாரணமானதல்ல. பியூஜோ 1959-இல் 403 காரில் 1816 சி.சி. டீசலை வைத்து விற்கத் தொடங்கியது. அடுத்து வந்த 404-இன் டீசல் இன்ஜினைப் பொருத்திய ஒற்றை இருக்கைக் கார், 1965-இல் பாரிஸ் அருகே மோன்லெரி ஓட்டப் பாதையில் 72 மணி நேரம் இடைவிடாமல் சுற்றி 11,000 கிலோமீட்டருக்கு மேல் கடந்தது. சராசரி வேகம் மணிக்கு 160-ஐத் தாண்டியது. அந்தக் குடும்பத்து 2112 சி.சி. இன்ஜின்தான் 504 டீசல் காரில் ஏறி ஆப்பிரிக்காவெங்கும் டாக்ஸியாக ஓடியது. அங்கேயும் அதைப் பார்த்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் மரத்தடி மெக்கானிக்குகள்.

மரத்தடியிலோ வீட்டு முற்றத்திலோ ஒரு டீசலை உயிரோடு வைத்திருக்க எப்படி முடிகிறது? இதில் கம்ப்யூட்டர் இல்லை என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அது பாதி பதில்தான். இந்த இன்ஜினுக்கு வேண்டியது காற்று, எண்ணெய், சூடு. மூன்றில் எது குறைந்தாலும் அது புகையாகவோ சத்தமாகவோ வெளியே சொல்லிவிடும். அந்தப் பேச்சைப் படிக்கத் தெரிந்தவருக்குப் பாதி வேலை ஸ்பேனரை எடுக்கும் முன்பே முடிந்துவிடுகிறது.

முதலில் சூடு. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுமல்லவா, அதே கதைதான். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றைச் சுமார் 22-இல் ஒரு பங்காக நசுக்குகிறது. அந்த அழுத்தத்தில் காற்றின் வெப்பம் 500, 600 டிகிரிக்குப் போகும். டீசல் தானாகத் தீப்பிடிக்க 250 டிகிரி அளவே போதும். எண்ணெயைப் பீய்ச்சியதும் பற்றிக்கொள்கிறது. இந்தத் தத்துவத்தைக் கண்ட ருடால்ஃப் டீசல் ஜெர்மன் குடும்பத்துப் பிள்ளை என்றாலும் 1858-இல் பிறந்தது பாரிஸில். பிரெஞ்சுக்காரர்கள் இதைச் சொல்லிக்கொள்ளத் தவறுவதில்லை.

டி.ஐ. இன்ஜினைப் போலப் பியூஜோவின் இன்ஜின் எண்ணெயை நேரே பிஸ்டன் மேல் பீய்ச்சுவதில்லை. சிலிண்டர் ஹெட்டுக்குள் பக்கவாட்டில் ஒரு சிறு உருண்டை அறை உண்டு. காற்று அதற்குள் சுழன்று நுழைய, எண்ணெய் அங்கே பீய்ச்சப்பட்டு, தீ அங்கே பிறந்து, பிறகு சிலிண்டருக்குள் பாய்கிறது. இங்கிலாந்தின் ஹாரி ரிக்கார்டோ 1930-களில் ‘காமெட்’ என்ற பெயரில் வளர்த்தெடுத்த அமைப்பு இது. தீ இரண்டு கட்டமாக எழுவதால் ‘கட கட’ என்ற டீசல் தட்டல் குறைகிறது. பியூஜோ அணியின் ‘சத்தம் குறைவு’ வாதம் இங்கேதான் பிறக்கிறது. ஆனால் அறையின் சுவர் முழுக்கச் சூட்டை உறிஞ்சும். அந்தச் சூடு வேலையாக மாறாமல் ரேடியேட்டர் தண்ணீருக்குப் போகிறது. டி.ஐ. அணியின் மைலேஜ் வாதத்துக்கும் இதுவே ஆதாரம்.

அறைச்சுவர் சூட்டைத் திருடுவதால் குளிர்ந்த இன்ஜினில் காற்று போதுமான வெப்பத்தை எட்டாது. அதற்குத்தான் ஹீட்டர் பிளக். ஸ்டார்ட் செய்யும் முன் சில நொடிகள் பழுக்கக் காய்ந்து அறையைத் தயார் செய்கிறது. நான்கில் ஒன்று செத்தால் என்ன ஆகும்? காலையில் இன்ஜின் மூன்று காலில் நொண்டும், வெள்ளைப் புகை கண்ணைக் கரிக்கும், அரை நிமிடத்தில் சரியாகிவிடும். வித்துராவில் வெயில் நாளில் இது தெரியவே தெரியாது. மார்கழிக் காலையில் பொன்முடியில் தெரியும். மல்டிமீட்டரை வைத்து மின்தடையைப் பார்த்தால் நல்ல பிளக் ஒரு ஓமுக்கும் கீழே காட்டும், அறுந்தது ஒன்றும் காட்டாது. வீட்டுப் பழுதுகளிலேயே எளிதானது இது. ஆனால் நான்கும் நன்றாக இருந்தும் வண்டி காலையில் தகராறு செய்தால் பிரச்சினை பிளக்கில் இல்லை, நசுக்குவதில் இருக்கிறது. தேய்ந்த பிஸ்டன் ரிங்கோ சரியாக உட்காராத வால்வோ காற்றைக் கசியவிடுகிறது. அப்போது டேப்பெட் இடைவெளியை ஃபீலர் கேஜ் கொண்டு பார்க்க வேண்டும். வால்வு முழுக்க மூடாதபடி இடைவெளி சுருங்கியிருந்தால் ஒரு ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவருமே மருந்து. ரிங் தேய்ந்திருந்தால் பையைத் திறக்க வேண்டியதுதான்.

அடுத்தது எண்ணெய். இங்கேதான் பொறுமை தேவை. ஒருநாள் மழை விட்ட காலையில் வித்துரா பக்கம் ஓர் இளைஞர் வண்டியை விடாமல் செல்ஃப் அடித்துக்கொண்டிருந்தார். பேட்டரி மூச்சு வாங்கியது. எதிரே திண்ணையிலிருந்த முதியவர் சொன்னார்: “தம்பி, செல்ஃபக் கொல்லாதப்பா. ஏர் பிடிச்சிருக்கு. முதல்ல ஏர் எடு.”

அவர் எப்படி அறிந்தார்? வண்டி முந்தின இரவு சரிவில், மூக்கு மேலே பார்த்தபடி நின்றிருந்தது. டாங்க் கீழே, இன்ஜின் மேலே. குழாயில் எங்கோ ஊசிமுனைக் கசிவு ஒன்றிருந்தால் போதும், இரவு முழுக்க டீசல் மெல்ல டாங்குக்கே இறங்கிவிடும், அந்த இடத்தில் காற்று புகுந்திருக்கும். டாங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரையுள்ள குழாய் உறிஞ்சும் பக்கம். அதில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். ஈரம் எங்கே என்று தேடுகிறவர் ஏமாறுவது இதனால்தான். சந்தேகப்படும் இடத்தில் ஒரு முழம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை இடையில் மாட்டிவிட்டு இன்ஜினை ஓடவிட்டால் குமிழிகள் ஓடுவது தெரியும். எந்த இணைப்புக்கு முன்னால் குமிழி இல்லை, எதற்குப் பின்னால் இருக்கிறது என்று பார்த்தால் ஆள் அகப்பட்டான்.

ஒரு குமிழி ஏன் இவ்வளவு பெரிய இன்ஜினை நிறுத்த வேண்டும்? முழு வேகத்தில் ஏறும்போதும் ஒரு சிலிண்டருக்கு ஒருமுறை பீய்ச்சப்படும் டீசல் சுமார் 30 கன மில்லிமீட்டர், ஒரு துளிக்கும் குறைவு. நாசிலின் ஊசியை ஒரு ஸ்பிரிங் அமுக்கிப் பிடித்திருக்கிறது. எண்ணெயின் அழுத்தம் 115 முதல் 130 பார் வரை எழுந்தால்தான் ஊசி திறக்கும். டீசல் நசுங்காது, பம்ப் தள்ளினால் தள்ளிய உடனே அழுத்தம் ஏறிவிடும். காற்றோ நசுங்கும். பம்பின் ஒவ்வொரு தள்ளலையும் அந்தக் குமிழியே சுருங்கி விரிந்து விழுங்கிவிடுகிறது. ஊசி திறப்பதே இல்லை. எவ்வளவு நேரம் செல்ஃப் அடித்தாலும் பேட்டரிதான் தீரும்.

ஏர் எடுப்பது கைவேலை. ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப் பம்பை அமுக்கிக்கொண்டே இருந்தால் முதலில் நுரை வரும், பிறகு குமிழியில்லாத டீசல் வரும். திருகை இறுக்கிவிடலாம். அப்போதும் எழவில்லையென்றால் நாசில் குழாய்களின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்திச் செல்ஃப் அடிக்க வேண்டும். அங்கேயும் டீசல் கசியத் தொடங்கியதும் இறுக்கினால் இன்ஜின் ஒவ்வொரு சிலிண்டராக உயிர் பெறும். பார்க்க விளையாட்டுப் போல இருக்கும். ஆனால் கழற்றிய நாசிலின் முனை முன் ஒருபோதும் விரலை நீட்டக் கூடாது. 120 பாரில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். முதலில் வலிக்காது, சிறு புள்ளிதான் தெரியும். சில மணி நேரத்தில் விரலையே இழக்க நேரிடலாம். அப்படி நடந்தால் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும்.

கசிவுக்கு மூலகாரணம் பெரும்பாலும் செப்பு வாஷர்கள். இறுக்கித் தளர்த்தி இறுக்கிச் செம்பு கெட்டியாகிவிடுகிறது. உலோகத்துக்குள் படிக அடுக்குகள் சிக்கிக்கொண்டு நகர முடியாமல் போவதே காரணம். அந்த வாஷரை அடுப்புத் தணலில் சிவக்கக் காய்ச்சி எடுத்தால் படிகங்கள் புதிதாக அமைந்து செம்பு மறுபடி மென்மையாகும். எஃகைப் போலத் தண்ணீரில் தோய்த்தால் இறுகிவிடுமோ என்ற பயம் வேண்டாம், செம்பு இறுகாது. மென்மையான வாஷர் மேடு பள்ளத்தை நிரப்பிக்கொண்டு காற்றை அடைக்கும். குழாய் இணைப்புகளில் இந்த வித்தை செல்லும். நாசிலுக்கு அடியில் உட்காரும் வாஷரை மட்டும் புதிதாகவே வாங்கிவிடுங்கள், விலையும் பெரிதல்ல.

மழை இந்த ஊரில் இரண்டு பருவத்திலும் பெய்யும். பாதி காலியான டாங்கின் மேற்புறத்தில் இருக்கும் ஈரக்காற்று இரவில் குளிர்ந்து சொட்டாகி டீசலுக்கு அடியில் தேங்குகிறது. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் கோட்டில் பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறும். டீசலே அவற்றுக்கு உணவு. அவை கட்டும் வழுவழுப்பான ஏடு ஃபில்டரை அடைத்துவிட்டால் வண்டி சமவெளியில் நன்றாக ஓடி, ஏற்றத்தில் இழுவை இல்லாமல் திணறும். பம்ப் போயிற்று என்று பயந்து செலவழிப்பவர்கள் உண்டு. ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தால் கறுப்புச் சேறு. நிறுத்தும்போது டாங்கை நிரப்பி வைப்பதும், மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்தித் தண்ணீரை இறக்குவதும் செலவில்லாத வைத்தியம்.

ஓர் இடைச்செருகல். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜினை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். ‘அப்படியானால் தேங்காய் எண்ணெய்?’ என்று கேரளத்தில் கேட்காதவர் குறைவு. தனி அறை கொண்ட பியூஜோ வகை இன்ஜின் தாவர எண்ணெயைப் பொறுத்துக்கொள்ளும், உண்மைதான். ஆனால் தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். பொன்முடிக் காலையில் அது ஃபில்டரில் வெண்ணெயாக நிற்கும். இன்றைய விலையில் யாரும் முயலப் போவதில்லை என்பது வேறு.

எண்ணெய் விஷயத்தில் காலமும் இந்த இன்ஜினுக்கு ஒரு சோதனை வைத்தது. எக்ஸ்.டி.பி. இங்கே வந்த நாட்களில் இந்திய டீசலில் கந்தகம் ஒரு சதவீதம் வரை, அதாவது பத்து லட்சத்தில் 10,000 பங்கு இருக்கலாம். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 மாசுத் தர டீசலில் 10 பங்குதான். நுரையீரலுக்கு நல்ல செய்தி. ஆனால் ரோட்டரி வகை இன்ஜெக்ஷன் பம்புக்குள் தனியாக மசகு எண்ணெய் கிடையாது, ஓடும் டீசலே மசகு. கந்தகத்தை நீக்கும் வேலையில் டீசலுக்கு வழவழப்பைத் தரும் சேர்மங்களும் போய்விடுகின்றன. சுத்திகரிப்பு ஆலைகள் அதற்கென ஒரு சேர்க்கைப் பொருள் கலந்து ஈடுகட்டுகின்றன. ஆகவே பம்ப் தேய்ந்துவிடும் என்ற பயம் மிகை. பழைய ரப்பர் சீல்கள் விஷயம் அப்படியல்ல. பல ஆண்டு பழைய டீசலில் ஊறி உப்பிய சீல், கலவை மாறிய டீசலில் சுருங்கிக் கசியும். பம்ப் தண்டின் பக்கம் திடீரென ஈரம் தெரிந்தால் பம்பைக் குறை சொல்லாமல் சீல் மாற்றச் சொல்லுங்கள். இதை மட்டும் பம்ப்-நாசில் கடையில்தான் செய்ய வேண்டும். பம்பின் உள்பாகங்களுக்கு இடையே இருக்கும் இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. முற்றத்துத் தூசி ஒன்று போதும் கெடுக்க. நாசிலைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பது வரை வீட்டு வேலை. அழுத்தம் வைத்துப் பார்ப்பது சோதனை மேசை உள்ளவரின் வேலை.

இனி காற்று, அதோடு மலை. 1,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சுமார் 12 சதவீதம் குறைவு. மேலே குளிர்ச்சி இருப்பதால் கொஞ்சம் ஈடாகி, ஒரு சிலிண்டரில் நுழையும் ஆக்சிஜன் பத்தில் ஒரு பங்கு குறையும். டர்போ இல்லாத பழைய இன்ஜினின் பம்புக்கு இது தெரியாது. அடிவாரத்தில் தந்த அதே எண்ணெயை மேலேயும் தருகிறது. எரியக் காற்றுப் போதாத எண்ணெய் கரியாகிக் கறும்புகையாக வெளியேறுகிறது. ஆகவே கடைசி வளைவுகளில் மிதித்து ஓட்டும்போது வரும் கறுப்பு, இன்ஜினின் குற்றமல்ல, மிதிப்பவர் காலைச் சற்று எடுத்தால் போதும். அதே கறுப்பு வித்துரா கடைவீதியில் காலி வண்டியில் வந்தால் கதை வேறு. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது நாசில் மூடாமல் சொட்டும். வெள்ளைப் புகை எரியாத டீசலா, ஹெட் கேஸ்கட் வழியே சிலிண்டருக்குள் இறங்கிய கூலன்ட்டா என்று மூக்குதான் தீர்மானிக்க வேண்டும்: முன்னது கண்ணைக் கரிக்கும், பின்னது இனிப்பாக மணக்கும், வண்டி சூடான பிறகும் நிற்காது. நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது.

ஹெட் கேஸ்கட் என்றதும் ரேடியேட்டர். அந்த உருண்டை அறை சூட்டைத் தண்ணீருக்குத் தள்ளுகிறது என்றேன். இரண்டாம் கியரில், காற்றே படாத வேகத்தில் வளைவு வளைவாக ஏறும்போது முழுப் பாரமும் ரேடியேட்டர் மேல்தான். பொன்முடி உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால் உள்ளே 110-ஐத் தாண்டினாலும் கொதிக்காது. தளர்ந்த ஒரு மூடி, சில நூறு ரூபாய்ப் பொருள், ஹெட்டையே வெடிக்கவைக்கும். இன்னொரு கெட்ட பழக்கம், ‘சூடாகிறது’ என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. நல்ல தெர்மோஸ்டாட் சூட்டில் முழுக்கத் திறந்துதான் இருக்கும். அதை எடுத்துவிட்டால் இன்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடி, எண்ணெய் சரியாக எரியாமல், சிலிண்டரும் சீக்கிரம் தேயும். எத்தனை மெக்கானிக்குகள் சொன்னாலும் இதில் நான் இசைய மாட்டேன்.

பியூஜோ இந்தியாவுக்குக் காராகவும் வந்தது. பிரீமியர் நிறுவனத்தோடு கூட்டாக மும்பை அருகே கல்யாணில் 309 காரைத் தயாரித்து, சில ஆண்டுகளிலேயே மூட்டை கட்டியது. அதன் 1527 சி.சி. டீசல் பின்னர் மாருதியின் ஜென், எஸ்டீம் கார்களில் ஏறியது. இந்த இன்ஜினை வீட்டில் கவனிப்பவர் மறக்கக் கூடாத ஒன்று டைமிங் பெல்ட். எக்ஸ்.டி.பி.யில் ரப்பர் பெல்ட் கிடையாது. இதில் உண்டு. 23 மடங்கு நசுக்கும் இன்ஜினில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையே இடமே இல்லை. பெல்ட் அறுந்தால் வால்வு வளைந்துவிடும். எவ்வளவு ஓடியது என்று தெரியாத பழைய வண்டி வாங்கினால் முதல் செலவு பெல்ட்டுக்கே.

2007-இல் மஹிந்திரா ரெனோ லோகன், 2012-இல் சென்னை ஒரகடத்தில் உருவான டஸ்டர் என்று அடுத்த தலைமுறை பிரெஞ்சு டீசல்கள் வந்தன. இரண்டிலும் 1461 சி.சி. காமன் ரெயில் இன்ஜின். குழாயில் 1,400 பார் அல்லது அதற்கு மேல் அழுத்தம், நாசிலை இயக்குவது மின்சாரம், மாற்றினால் அதன் குறியீட்டு எண்ணைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். சிக்கனத்திலும் புகையிலும் பழையதைவிடப் பல மடங்கு மேல். ஆனால் மேலே சொன்ன ‘நட்டை அரைச் சுற்றுத் தளர்த்துவது’ இங்கே உயிருக்கு ஆபத்து. ஜீப்பில் கற்ற கையோடு டஸ்டரைத் திறக்காதீர்கள். ஃபில்டர், கூலன்ட், ஹீட்டர் பிளக், கசியும் ஹோஸ், இவற்றோடு நிற்பது நல்லது. போணக்காட்டு மலைப்பாதையில் கம்ப்யூட்டர் படுத்தால் அங்கே ஸ்கேனர் இல்லை. பழைய பியூஜோவைச் சரிவில் தள்ளிவிட்டே எழுப்பலாம். இந்த மலைக்கு எது பொருத்தம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் உறுதியாக அறிவித்தது. பழமைப் பாசம் அதை மாற்றாது. பி.எஸ். 4-க்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகைச் சோதனையின் உச்சவரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு. சான்றிதழை டாஷ்போர்டில் திணித்துவிட்டு மறந்துவிடாமல் அதில் அச்சாகியிருக்கும் எண்ணைப் படியுங்கள். சோதனைக்குச் சோதனை அந்தத் தாள்களைச் சேர்த்து வைத்து ஒப்பிடுங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் முதலில் ஏர் ஃபில்டர், பிறகு டேப்பெட், பிறகு நாசில் என்று பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தும் 65-க்குக் கீழே இறங்காத இன்ஜினைப் பிரித்துக் கட்டுங்கள், அதற்குப் பணமில்லையென்றால் நிறுத்திவிடுங்கள்.